பக்கத்தில் இருக்கும் எதிராளி

மூன்று பேர் பாயில் அமர்ந்து, கலைத்த கடதாசிக் கட்டை நடுவில் வைத்துக்கொண்டு, நான்காமவர் வருகிறாரா என்று படலையைப் பார்த்திருப்பது எத்துணைச் சங்கடமான காரியம் என்பதை 304 ஆடிப் பழகியோர் நன்கு அறிவர். மூவருள் ஒருவர் வெற்றிலைத் தட்டை இழுப்பார். மற்றொருவர் மழையைப் பற்றிப் பேசுவார். மூன்றாமவர் கட்டை எடுத்து மறுபடியும் கலைப்பார். சென்ற ஆண்டு சிறுபோக அறுவடை முடிந்த பின்னர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நாம் அவ்வாறு காத்திருந்தோம். நான்காமவர் வரவில்லை. அவருக்கு நோயுமில்லை, அவர் ஊரை விட்டுப் போகவுமில்லை. எமது படலையிலிருந்து மூன்றாவது படலை அவருடையது. அவர் வராமைக்குக் காரணம் நாமே என்பதை அறிந்துகொள்ள எமக்குச் சில காலம் சென்றது. அதை அறிந்த விதத்தையும், அதனாற் பெற்ற சிறிது புத்தியையும் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் வசிப்பது இரணைமடுக் குளத்து நீர் பாயும் குடியேற்றக் கிராமங்களுள் ஒன்றில். கிளிநொச்சிப் பகுதியில் காலபோகத்திலும் சிறுபோகத்திலும் நெல் விளையும். இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் 304 விளையும். நாம் பாடசாலையிற் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றோம். எம்மோடு ஆடுவோருள் ஒருவர் சங்கக் கடையில் முகாமையாளராய் இருந்தவர். மற்றொருவர் தபாற் கந்தோரில் வேலை பார்த்தவர். நான்காமவரே மேலே சொன்ன கமக்காரர். அவர் எம்மிலும் ஐந்து வயது மூத்தவர் ஆதலால் நாம் அவரை ‘அண்ணை’ என்போம். அவர் எமது தொழிலை மதித்து எம்மை ‘மாஸ்ரர்’ என்பார். பணம் வைத்து ஆடும் வழக்கம் எம்மிடம் ஒருநாளும் இருந்ததில்லை. தோற்ற சோடி காதிற் பூவரசம் இலையைச் செருகிக்கொண்டு தேநீர் குடிக்க வேண்டும், அவ்வளவே தண்டனை.

ஆட்டம் அறியாத இளம் வாசகர்களுக்காக அதனைச் சிறிது விளக்கிச் செல்வோம். 52 கடதாசிகளில் இரண்டு முதல் ஆறு வரை உள்ளவற்றை நீக்கினால் 32 எஞ்சும். இவற்றில் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனத்துக்கும் கூட்டினால் 304. ஆட்டத்தின் பெயர் அந்தக் கணக்கிலிருந்தே வந்தது. ராசாவையும் ராணியையும் ஒன்பது வெல்லும் இவ்வொழுங்கு ஐரோப்பிய ஆட்டங்கள் சிலவற்றிலும் உண்டு. ஸ்கோப்பன், கலாவரை என்று எம்மவர் வழங்கும் இனப் பெயர்களோ ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தவை. 1658 முதல் 1796 வரை எமது கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கோட்டைகளோடு கடதாசிச் சொற்களையும் விட்டுச் சென்றனர் போலும்.

முதலில் ஆளுக்கு நான்கு கடதாசி பகிரப்படும். அந்த நான்கையும் பார்த்தே நூற்றறுபது, நூற்றெழுபது என்று கேட்க வேண்டும். கூடக் கேட்டவர் தாம் விரும்பும் இனத்தில் ஒரு கடதாசியைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அதன் பின்னரே மற்ற நான்கும் கைக்கு வரும். கேட்ட தொகையை அவரும் அவர் சோடியும் எட்டுப் பிடிகளுக்குள் சேர்த்தாக வேண்டும். இறங்கிய இனம் தம்மிடம் இல்லாதவர் வேறொரு கடதாசியைக் கவிழ்த்துப் போடலாம். பிடி முடிந்ததும் துரும்பு வைத்தவர் மட்டும் அதனை எடுத்துப் பார்ப்பார். அது துரும்பாயின் துரும்பு வெளிப்படும். அன்றாயின் என்ன கடதாசி என்பதை மற்றவர் அறியமாட்டார்.

இவ்வாட்டத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. எமது சோடி எமக்கு முன்னால் இருப்பார். எதிராளிகளோ எமக்கு இடத்திலும் வலத்திலும் தோளோடு தோளாக இருப்பர். எதிராளி என்ற சொல்லைப் பார்த்து அவர் எதிரே இருப்பவர் என்று எண்ணுதல் பிழை. எமது வெற்றிலைத் தட்டில் கை நனைப்பவரும், எமது கடதாசியைத் தவறுதலாகக் கண்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் அவரே. அண்ணை எப்போதும் எமது வலப்பக்கத்தில் இருந்தார்.

எதிராளியின் அருமையை நாம் முதலில் உணர்ந்தது ரெயிலில். 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிற் கொழும்புக்குப் போய்வந்தோருக்கு அந்தக் காட்சி மறக்காது. நான்கு பேரின் முழங்கால்களுக்கு மேலே ஒரு துவாயோ பத்திரிகைத் தாளோ விரிக்கப்படும், அதுவே மேசை. ஏறுபவர் இறங்குபவர் யார் எவர் என்பதில்லை. ‘இருங்கோ, ஒரு கை குறையுது’ என்ற அழைப்பே அறிமுகம். வவுனியாவில் ஏறியவரை அவமானப்படுத்தினால் அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். ஆட்டம் அநுராதபுரத்துக்கு முன்பே குலைந்துவிடும். ஆகையால் கெட்டிக்காரர்கள்கூட அங்கே நாகரிகமாக ஆடினார்கள். 1990இல் அந்த ரெயில் நின்றது. மீண்டும் 2013இற் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தபோது, முழங்கால்களின் மேற் துவாய்க்குப் பதிலாகக் கைத்தொலைபேசிகளே பெரும்பாலும் இருந்தன.

இரண்டாவது முறை அதை உணர்ந்தது 2009இல். அவ்வாண்டு வன்னி மக்களுள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியா மாவட்டத்து முகாம்களில் அடைபட்டிருந்தனர். செட்டிகுளத்தை அடுத்த மெனிக்பாமில் அண்ணையின் குடும்பமும் எமது குடும்பமும் பக்கத்துப் பக்கத்துத் தறப்பாள் கொட்டில்களில் இருந்தோம். செய்வதற்கு ஒன்றுமில்லாத பகல்கள் மிக நீண்டவை. நிவாரணப் பொருள்கள் வந்த மட்டைப் பெட்டிகளை வெட்டி 32 துண்டாக்கினோம். எமது பழைய மாணவி ஒருத்தி சிவப்புப் பேனையாலும் நீலப் பேனையாலும் படங்களை வரைந்து தந்தாள்.

அந்தக் கட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. மட்டைத் துண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்றின் பின்புறத்தில் அச்செழுத்தின் வால் தெரிந்தது. இன்னொன்றில் எண்ணெய்க் கறை. மற்றொன்று ஓரத்திற் சற்றுக் கிழிந்திருந்தது. இரண்டு நாளில் எல்லாருக்கும் எல்லாக் கடதாசியும் பின்புறத்தாலேயே தெரிந்துவிட்டன. கவிழ்த்து வைத்த துரும்பு கவிழ்த்ததாகவே இல்லை. நாம் கட்டை எறிந்துவிடலாம் என்றோம். அண்ணை மறுத்தார்.

“பின்பக்கத்தைப் பார்க்கிறதில்லையெண்டு நாலு பேரும் சொல்லுவம், மாஸ்ரர். பார்த்தால் பிறகு நாங்கள் என்னத்தை ஆடுறது?”

அப்படியே செய்தோம். தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆடினோம். துரும்பை வைப்பவர் அதைத் துவாய்த் துண்டால் மூடுவார். கையில் இருப்பவற்றை உள்ளங்கையால் மறைப்போம். ஒருவரும் ஏமாற்றவில்லை என்று சத்தியம் செய்ய எம்மால் இயலாது. ஆனால் ஆட்டம் நடந்தது. அந்நாள்களில் தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, பெயர்ப் பதிவுக்கு வரிசை. எங்கும் நாம் காத்திருப்போராய் இருந்தோமேயன்றி, எமது விருப்பத்தை ஒருவர் கேட்டதாக நினைவில்லை. அந்தப் பாயில் மட்டும் ஒருவர் எமது முகத்தைப் பார்த்து, “உங்கடை முறை, என்ன கேக்கிறியள்?” என்று வினவினார். அந்தக் கேள்விக்காகவே நாம் விடிவதை எதிர்பார்த்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

2010இல் ஊருக்குத் திரும்பினோம். கூரை போட்டு, கிணறு இறைத்து, வயல் திருத்திய பின்னர் ஆட்டமும் திரும்பியது. இம்முறை கடையில் வாங்கிய வழவழப்பான கட்டு. பின்புறம் எல்லாம் ஒரே மாதிரி. இனி மறைக்க வேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் நம்ப வேண்டியதுமில்லை.

ஓய்வு பெற்ற கணித ஆசிரியருக்கு நேரம் மிகுதி. நாம் ஆட்டத்தை ஆராயத் தொடங்கினோம். விழுந்த கடதாசிகளை எண்ணி மனத்தில் வைக்கப் பழகினோம். முதல் நான்கில் எதைக் கண்டால் எவ்வளவு கேட்கலாம் என்று ஓர் அட்டவணை எழுதினோம். கொப்பி ஒன்றில் ஒவ்வொரு நாளின் வெற்றி தோல்வியையும் திகதியோடு பதிந்தோம். எமது சோடியாகிய சங்கக் கடைக்காரர் பிழையாக ஒன்றை இறக்கினால், அந்தப் பிடி முடியுமுன்னரே அவருக்குப் பாடம் நடந்தது. எல்லாவற்றிலும் மேலாக ஒரு புதுப் பழக்கம் எம்மைப் பற்றிக்கொண்டது. மூன்று நான்கு பிடிகள் இருக்கும்போதே கணக்கு எமக்குத் தெளிவாகிவிடும். உடனே கையிலுள்ளவற்றை விரித்துப் பாயிற் போட்டு, “மிச்சம் எல்லாம் எங்களுக்கு” என்போம். நேரம் மிச்சமாகிறது என்பது எமது எண்ணம். வெற்றிகள் கொப்பியிற் பெருகின. பூவரசம் இலை அண்ணையின் காதில் நிரந்தரமாகக் குடியேறியது. அவர் முன்போற் சிரிப்பதில்லை என்பதை நாம் கவனிக்கவில்லை; எண்ணுவதற்குக் கடதாசிகள் இருக்கையில் முகங்களை யார் பார்ப்பர்?

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாம் இருநூறு கேட்டு ஆடினோம். துரும்பு வெளிப்பட்டு ஐந்து பிடி முடிந்தது. துரும்பு எல்லாம் விழுந்துவிட்டது என்பது எமது கணக்கு. வழக்கம்போற் கையை விரித்தோம். அண்ணை தம் கையிலிருந்த மூன்றையும் கவிழ்த்து வைத்துவிட்டு, “சரி, மாஸ்ரர். கன்றுக்குட்டிக்குத் தண்ணி காட்ட வேணும்” என்று சொல்லி எழுந்து போனார். தேநீர் குடிக்கவில்லை, காதில் இலை செருகவும் நிற்கவில்லை.

மற்றவர்களும் போன பின்னர் நாம் கடதாசிகளைத் திரட்டினோம். அண்ணையின் இடத்திற் கிடந்த மூன்றையும் புரட்டினோம். ஒன்று துரும்பின் ஏழு.

ஏழு என்பது 304 இன் மிகச் சிறிய கடதாசி. அதற்குப் புள்ளியே இல்லை. ஆனால் துரும்பின் ஏழு எமது ஆசை வெட்டப் போதுமானது. அடுத்து நாம் இறக்கவிருந்த ஆசின் இனம் அவரிடம் இருக்கவில்லை என்பதையும் மற்ற இரு கடதாசிகளும் காட்டின. அவர் வெட்டியிருந்தால் நாம் இருநூற்றை எட்டியிருக்கமாட்டோம். அதாவது, எமது கணக்குப் பிழை, வெற்றி அவருடையது. அவர் அதை அறிந்திருந்தார். அறிந்தும் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போனார்.

அன்றிரவு நாம் கொப்பியில் என்ன எழுதினோம் என்று கேட்காதீர்கள். வெற்றி என்றே எழுதினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை.

இவ்வாறு மூவராய்க் காத்திருந்த நாள்களில் கனடாவிலிருந்து எமது தங்கையின் பேரன் விடுமுறைக்கு வந்து சேர்ந்தான். வயது பதினேழு. அவன் பெட்டியில் உடுப்பிலும் பார்க்கக் கடதாசிகளே மிகுதி. அவை எமது கடதாசிகள் அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு சித்திரமும் அதன் கீழ் ஒரு விதியும் அச்சிடப்பட்டிருந்தன. ‘மேஜிக்: த கேதரிங்’ என்பது ஆட்டத்தின் பெயராம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஆக்க, 1993இல் வெளிவந்ததாம். ஆயிரக்கணக்கான கடதாசிகளிலிருந்து தனக்கு வேண்டியவற்றைத் தெரிந்து, தானே தன் கட்டைக் கட்டிக்கொண்டு வந்து எதிராளியோடு மோத வேண்டும்.

அவன் பதினான்கு வயதான எமது பேரனுக்கு ஒரு கட்டைக் கொடுத்து ஆட்டத்தைப் பழக்கினான். விறாந்தையில் இருவரும் ஆடுவதை நாம் சாய்மனைக் கதிரையிலிருந்து பார்த்தோம். கனடாப் பிள்ளை ஒரு கடதாசியை வைத்தான். அதன் பயனாக இன்னொன்றை எடுத்தான். அதன் பயனாக மற்றொன்றை வைத்தான். அவன் முறை முடியவில்லை. சுவர்மணிக்கூட்டில் பன்னிரண்டு நிமிடம் சென்றது. எமது பேரன் கையிலுள்ளவற்றை முதலில் ஆவலோடு பிடித்திருந்தான். பிறகு மடியில் இறக்கினான். பிறகு முற்றத்துக் கோழியைப் பார்த்தான். கடைசியில், “எனக்கு எப்ப முறை வரும்?” என்று கேட்டான். “உனக்கு முறை வராது. நான் வெண்டிட்டன்” என்றான் மற்றவன், உற்சாகத்தோடு. எமது பேரன் தன் கடதாசிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சரி” என்று எழுந்தான்.

அந்தச் ‘சரி’யை நாம் முன்னரே கேட்டிருந்தோம். கடதாசிகளைக் கவிழ்த்து வைத்த அந்தக் கையையும் முன்னரே கண்டிருந்தோம்.

இரவு சாப்பாட்டின் பின் கனடாப் பிள்ளையிடம், எதிராளியை இப்படிச் சும்மா இருத்தி வைப்பது அங்கே வழக்கமா என்று கேட்டோம். அவன் கெட்டிக்காரப் பையன், மழுப்பவில்லை. இது அவ்வாட்டக்காரரிடையே பெரிய வழக்கு என்று சொல்லி, இரண்டு சம்பவங்களைக் கூறினான். 2012இல் சியாற்றில் நகரத்தில் நடந்த பெரும் போட்டியொன்றில் செக் நாட்டு வீரர் ஸ்தனிஸ்லாவ் சிஃப்கா வெற்றி பெற்றார். அவர் ஆடிய கட்டின் இறுதி முறை மிக நீண்டது. எதிராளி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தகைய கட்டுகளாற் போட்டிச் சுற்றுகளே நேரத்துக்கு முடியாமற் போக, அடுத்த ஆண்டில் அந்தக் கட்டின் உயிர்நாடியான ‘செக்கண்ட் சன்ரைஸ்’ என்ற கடதாசி அவ்வகைப் போட்டிகளில் தடை செய்யப்பட்டது. 2019இலோ கணினியில் ஆடும் ஒருவகைப் போட்டியில் ‘நெக்சஸ் ஒஃப் ஃபேட்’ என்ற கடதாசிக்குத் தடை வந்தது. அதைக் கொண்டு ஒருவர் தாம் வெல்லவும் மாட்டாமல், எதிராளிக்கு முறையும் கொடாமல், மீண்டும் மீண்டும் தாமே ஆடிக்கொண்டிருக்க இயலுமாயிற்று.

நாம் யோசித்தோம். இவ்விரண்டு கடதாசிகளும் தடை செய்யப்பட்டது அவை வெல்ல முடியாதவை என்பதனால் அன்று. எதிராளியை ஆட்டக்காரர் என்ற நிலையிலிருந்து பார்வையாளர் என்ற நிலைக்கு இறக்கினவையும் அவை. ஆட்டத்தை விற்று வாழும் வியாபாரிகளுக்கே, எதிராளி எழுந்து போய்விட்டால் ஆட்டம் இல்லை என்பது விளங்கியிருக்கிறது.

பிரிட்ஜ் ஆட்டத்தில் இதற்கு ஒரு நல்ல சட்டம் உண்டு. அமெரிக்கரான ஹரோல்ட் வாண்டர்பில்ட் 1925இல் இன்றைய வடிவத்துக்கு ஒழுங்குபடுத்திய ஆட்டம் அது. சோடிகள் தமக்குள் செய்துகொண்ட குறிப்பின் பொருளை எதிராளி கேட்டால் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். அன்றியும், ‘மிச்சம் எல்லாம் எங்களுக்கு’ என்று கையை விரிக்க அங்கும் அனுமதி உண்டு. ஆனால் விரிப்பவர் எஞ்சிய பிடிகளை எவ்வாறு ஆடுவார் என்பதைச் சொல்ல வேண்டும், எதிராளி மறுக்கலாம், மறுத்தால் நடுவர் தீர்ப்பார், சந்தேகம் எழுந்தால் அது விரித்தவருக்கு எதிராகவே தீர்க்கப்படும். அந்தச் சட்டம் எமது பாயில் இருந்திருந்தால், துரும்பின் ஏழு பேசியிருக்கும்.

மறுநாட் காலை நாம் மூன்றாவது படலைக்குப் போனோம். அண்ணை வைக்கோற் போரின் அருகே நின்றார். அக்கா தேநீர் கொண்டு வந்தார். வயல், தண்ணீர், நெல்லின் விலை எல்லாம் பேசி முடித்த பிறகு, மடியிலிருந்த ஏழை எடுத்து அவர் முன் வைத்தோம்.

“அண்ணை, இதை ஏன் சொல்லேல்லை?”

அவர் சற்று நேரம் கடதாசியைப் பார்த்தார். பிறகு கோபமில்லாமலே சொன்னார்:

“நீங்கள் கணக்கை முடிச்சுப்போட்டியள், மாஸ்ரர். முடிஞ்ச கணக்குக்குள்ளை நான் என்னத்துக்கு? ஆட வாறதெண்டால் எனக்கு விருப்பந்தான். நீங்கள் ஆடுறதைப் பார்க்க வாறதெண்டால், எனக்கு வயல்லை வேலை கிடக்கு.”

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர் நாம். கேள்வி முடியுமுன் விடை சொல்லத் துடிக்கும் மாணவனை, ‘நீ பொறு, மற்றவனும் யோசிக்கட்டும்’ என்று எத்தனை முறை இருத்தியிருப்போம்! அவன் விடை சரியாயிருந்தாலும் இருத்தினோம். அவன் சொல்லிவிட்டால் மற்ற முப்பது பிள்ளைகளின் கணக்கும் அங்கேயே செத்துவிடும் என்பதை அறிந்திருந்தோம். அறிந்ததைப் பாயில் மறந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தார். நாம் நல்லவராக முயன்று இன்னொரு பிழை செய்தோம். வெட்டக்கூடிய இடத்தில் வெட்டாமல் ஒரு பிடியை அவருக்கு விட்டுக்கொடுத்தோம். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கடதாசியைப் பாயில் அறைந்து, “எனக்குப் பிச்சை போடாதேங்கோ!” என்றார். ஆவணியில் வராத கோபம் அன்றுதான் வந்தது. விட்டுக்கொடுத்து ஆடுவதும் எதிராளியின் முறையைப் பறிப்பதே என்று அப்போது விளங்கிற்று. முன்னர் அவர் தோல்வியை நாமே தீர்மானித்தோம்; அன்று அவர் வெற்றியையும் நாமே தீர்மானித்தோம்.

ஆகவே, போட்டிக் கடதாசி ஆட்டங்கள் எதிராளிக்குச் சுவையற்றுப் போயினவா என்று கேட்போருக்கு எமது விடை இது. தோல்வி சுவையைக் கெடுப்பதில்லை. அண்ணை எமது கணக்கிற்படி நூற்றுக்கு மேற்பட்ட முறை தோற்றவர். ரெயிலிலும் முகாமிலும் தோற்றபோது எம்மோடு சேர்ந்து சிரித்தார். எதிராளியின் திறமையும் சுவையைக் கெடுப்பதில்லை. திறமை இல்லாதவரை வெல்வதில் யாருக்கு மகிழ்ச்சி? சுவை கெடுவது, தன் கையிலுள்ள கடதாசிக்கு இனி ஒரு வேலையும் இல்லை என்று ஒருவர் அறியும் கணத்தில். ஒரு கட்டின் விதிகளால் அது நேரலாம். கனடாப் பிள்ளையின் விறாந்தை ஆட்டத்தில் அப்படி நேர்ந்தது. விதிகள் எல்லாம் நியாயமாக இருக்க, ஆடுபவரின் அவசரத்தாலும் நேரலாம். எமது பாயில் அப்படி நேர்ந்தது.

304 என்னும் ஆட்டத்தை ஆக்கியவர் எவரோ, அவர் எதிராளியை மறவாதவர். எவ்வளவு கெட்டிக்காரரும் நான்கு கடதாசியை மட்டும் பார்த்தே கேட்க வேண்டும். எட்டுப் பிடி என்றால் நால்வரும் எட்டு முறை கையை நீட்டியே ஆக வேண்டும். ஒன்பதாவது முறை ஒருவருக்கும் இல்லை. புள்ளியற்ற ஏழும் தன் நாளிற் புள்ளி மிகுந்த ஆசை வெட்டும். இத்தனை பாதுகாப்புகளையும் வைத்துத்தான் அந்த ஆட்டம் எமது கைக்கு வந்தது. அவற்றை மீறுவதற்கு நாம் விதியொன்றையும் உடைக்கவில்லை. பொறுமையை மட்டும் உடைத்தோம்.

இப்போது எமது பாயில் மூன்று ஒழுங்குகள் உள்ளன. கடைசிப் பிடி வரை ஆடியே முடிக்க வேண்டும். சோடிக்குப் பாடம் சொல்வதாயின் தேநீரோடு சொல்ல வேண்டும். கொப்பி வேண்டாம். மூன்றாவதை நாமே முன்மொழிந்தோம். கொப்பியின் எழுதாத பக்கங்களில் இப்போது எமது பேரன் கணக்குச் செய்கிறான். அவனும் கனடாப் பிள்ளையும் விடுமுறை முடியுமுன் தமக்கும் ஓர் ஒழுங்கு செய்துகொண்டதைக் கண்டோம். நீண்ட முறை ஆடும் கட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, இருவரும் கட்டுகளை மாற்றிக்கொண்டு ஆடினார்கள். கனடாப் பிள்ளை இரண்டு முறை தோற்றான்; முகம் சிறுத்தது; ஆனால் எழுந்து போகவில்லை.

அண்ணையிடம் ஒன்று கேட்க வேண்டுமென்று நெடுநாள் நினைத்திருந்தோம். முகாமில் மட்டைக் கடதாசியின் பின்புறத்தை அவர் உண்மையிலேயே பார்க்கவில்லையா? சென்ற கிழமை கேட்டோம். அவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: “பார்க்காமல் இருப்பனே, மாஸ்ரர்? கண் இருக்கே. பார்த்தனான், பார்த்ததைப் பாவிக்கேல்லை.”

இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கையில் மணி நான்காகிறது. பாய் விரித்தாயிற்று. சங்கக் கடைக்காரரும் தபாற்காரரும் வந்து மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டனர். இதோ, படலை திறக்கும் சத்தம் கேட்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும், நான்காமவர் வந்துவிட்டார்.